பத்தொன்பதரை நாள்கள்

நுழையும்முன்

இரண்டு நகரங்களுக்கு இடையிலுள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்க ஆகும் நேரம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வருகிறது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கு இன்று இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழப் பதினேழு மணி நேரத்தில் விமானத்தில் சென்றுவிடலாம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அதே லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள டார்வின் நகருக்குத் தனியொருவராகப் பறந்து சென்றார் ஓர் இளம்பெண். அவருடைய வாழ்க்கையைக் கூறுவது இப்பாடம்.

மீன் வணிகரின் மகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கு மீன் வணிகம் செய்து வந்த குடும்பத்தில் 1903ஆம் ஆண்டு சூலை முதல் நாள் மூத்த மகளாகப் பிறந்தவர் ஏமி ஜான்சன். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலை உள்ளடக்கிய இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனுக்குச் சென்று, வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் செயலராகப் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் படித்த பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பான வேலைகளுள் அதுவும் ஒன்று. பெரும்பாலோர் அதிலேயே நிறைவடைந்திருப்பர்.

1928ஆம் ஆண்டில், லண்டனின் வடபுறத்தில் இருந்த ஸ்டாக் லேன் விமானத் திடலில் அவர் விமானம் ஓட்டப் பயிலத் தொடங்கினார். அவர் பிறவி விமானி அல்லர் என்பதை இங்குக் கூறியே ஆகவேண்டும். பிறர் எட்டு முதல் பத்து மணி நேரப் பயிற்சியில் தனியாகப் பறக்க அனுமதி பெற்ற நிலையில், அவருக்கு ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் தேவைப்பட்டது. தரையிறக்கத்தில் அவர் கடைசிவரை தடுமாறினார். பின்னாளில் அவருக்கு நேர்ந்த விபத்துகளுள் பெரும்பாலானவை தரையிறங்கும்போது நேர்ந்தவையே. வீரர்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது வழக்கம். ஆயினும், தன் குறை இன்னதென்று அறிந்துகொண்டே அவர் அந்நெடும்பயணத்தை மேற்கொண்டார் என்பதால் அதனை விட்டுவிட இயலவில்லை.

அலுவலகம் தொடங்கும் முன்னும் அலுவல் முடிந்த பின்னும் அவர் விமானக் கொட்டகைக்குச் சென்றார். ஓட்டுவதோடு நில்லாமல், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டவும் கற்றார். கொட்டகையின் தலைமைப் பொறிஞர் ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். எண்ணெய்க் கறை படிந்த மேலுடையுடன், ஆண்கள் மட்டுமே வேலை செய்த அக்கொட்டகையில் அவர் ஓராண்டுக்கும் மேலாக உழைத்தார். 1929 சூலையில் விமானி உரிமம் கிடைத்தது. அவ்வாண்டு திசம்பரில் விமானப் பழுது நீக்கும் தரைப் பொறிஞர் உரிமமும் பெற்றார். பிரித்தானியப் பெண்களுள் அவ்வுரிமத்தை முதலில் பெற்றவர் அவரே. பதினோராயிரம் மைல் பயணத்தில் அவரைக் காப்பாற்றியவற்றுள் இந்த இரண்டாம் உரிமத்துக்குப் பெரும் பங்குண்டு.

வரைபடமும் அளவுகோலும்

லண்டனுக்கும் டார்வினுக்கும் இடையிலான வான்வழியை முதன்முதலில் கடந்தவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தாரும் அவர்களுடைய பொறிஞர்கள் இருவரும் ஆவர். 1919இல் அந்நால்வரும் இரட்டை இயந்திர விமானத்தில் ஏறக்குறைய இருபத்தெட்டு நாள்களில் அங்குச் சென்று சேர்ந்தனர். 1928இல் ஆஸ்திரேலியரான பெர்ட் ஹிங்க்லர் தனியாகப் பறந்து பதினைந்தரை நாள்களில் சேர்ந்தார். பெண் ஒருவர் அவ்வழியில் தனியாகப் பறந்ததில்லை. ஹிங்க்லரின் பதினைந்தரை நாள்களை முறியடிப்பதே ஏமியின் குறிக்கோளாக இருந்தது.

அதுவரை அவர் ஓட்டிச் சென்ற மிக நீண்ட தொலைவு லண்டனிலிருந்து தம் சொந்த ஊரான ஹல் வரையிலானதே. அது ஏறத்தாழ 240 கி.மீ. தனியாகப் பறந்த மொத்த நேரம் நூறு மணிக்கும் குறைவு. பொருளுதவி கேட்டுப் பலருக்கும் கடிதம் எழுதினார், பெரும்பாலோர் மறுத்தனர். இறுதியில் அவர் தந்தையும், எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபுவும் உதவினர். ஏறத்தாழ அறுநூறு பவுண்டுக்குப் பழைய விமானம் ஒன்று வாங்கப்பட்டது. ஜிப்சி மாத் என்னும் வகையைச் சார்ந்த அவ்விமானம் மரச்சட்டத்தின் மீது துணி போர்த்தியது, இரட்டைச் சிறகுடையது, விமானியின் இருக்கைக்குக் கூரை கிடையாது. கரும்பச்சை வண்ணம் பூசிய அதற்குத் தம் குடும்ப மீன் வணிகத்தின் முத்திரைப் பெயரான ஜேசன் என்பதனையே சூட்டினார் ஏமி.

வழியை அவர் வகுத்த முறை எளிமையானது. வரைபடங்களை விரித்து வைத்து, அளவுகோலால் நேர்கோடு இழுத்தார். வழக்கமாகப் பிறர் இத்தாலி வழியாக மத்தியதரைக் கடலைச் சுற்றிச் சென்றனர். அவ்வழி நீளமானது, ஆனால் பாதுகாப்பானது. ஏமியின் கோடு வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத் எனச் சென்றது. அதனால் பல நூறு கி.மீ. மிச்சமாயிற்று. அளவுகோல் அறியாத செய்தி ஒன்று உண்டு: அக்கோட்டின் குறுக்கே டாரஸ் மலைத்தொடரும் பாலைவனமும் இருந்தன.

இவ்விடத்தில் மாணவர்கள் தாமே ஒரு கணக்கினைச் செய்து பார்க்கலாம். உலக உருண்டையில் லண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தால், அது காட்டும் தொலைவு ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆனால், எரிபொருளுக்காக ஊர்தோறும் இறங்கிச் செல்லவேண்டிய ஜேசனின் வழி ஏறத்தாழ 17,700 கி.மீ. அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவை வேகத்தால் வகுத்தால் 131 மணி நேரம் வருகிறது. அதாவது ஐந்தரை நாள். இடைவிடாமல் பறக்க முடிந்திருந்தால் அவ்வளவே போதும். பயணத்துக்கு ஆனதோ பத்தொன்பதரை நாள். எஞ்சிய பதினான்கு நாள்கள் எங்குச் சென்றன என்பதே ஏமியின் பயணக் கதை.

கராச்சி வரை ஆறு நாள்கள்

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் காலை. லண்டனின் கிராய்டன் விமானத் திடலில் தந்தையும் நண்பர்கள் சிலரும் மட்டுமே வழியனுப்ப வந்திருந்தனர். எரிபொருள் நிரம்பிய சுமையால் விமானம் முதல் ஓட்டத்தில் மேலெழவில்லை. இரண்டாம் முறை எழுந்தது. விமானத்தின் பக்கவாட்டில் மாற்று மரச்சுழலி ஒன்று கட்டப்பட்டிருந்தது. விமானத்தின் மூக்கில் சுழன்று அதனை முன்னிழுக்கும் உறுப்பு அது. அதனைச் சுமப்பது தேவையற்ற பாரம் என்று அப்போது தோன்றியிருக்கக்கூடும்.

முதல் நாள் வியன்னா. இரண்டாம் நாள் கான்ஸ்டான்டிநோபிள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 கி.மீ. கூடுதல் தொட்டியிலிருந்த பெட்ரோலை மேற்சிறகிலிருந்த தொட்டிக்குக் கையால் இறைத்துக்கொண்டே பறக்கவேண்டியிருந்தது. அவ்வாறு இறைக்கும்போதெல்லாம் பெட்ரோல் ஆவி முகத்தில் அடித்துக் குமட்டலை உண்டாக்கியது. இரவில் இறங்கியதும் உறங்க இயலாது. மறுநாள் பயணத்துக்காக இயந்திரத்தைத் துடைத்துச் சீராக்கும் வேலை காத்திருக்கும். பல இரவுகளில் அவர் மூன்று மணி நேரமே உறங்கினார்.

மூன்றாம் நாள் டாரஸ் மலைகள் எதிர்ப்பட்டன. சிகரங்களைத் தாண்டும் உயரத்துக்கு ஏறமுடியாத சுமையுடன், கணவாய் வழியே இருபுறமும் பாறைச்சுவர்கள் நெருங்கி நிற்க விமானத்தைச் செலுத்தினார். நடுவில் மேகம் மறைத்தது. கண் தெரியாமல் சென்ற சில நொடிகளில் பாறையில் மோதாமல் தப்பியது நற்பேறு. நான்காம் நாள் பாக்தாதை நெருங்கும்போது மணற்புயல். விமானம் தானாகவே கீழே தள்ளப்பட்டது. பாலைவனத்தில் இறங்கியவர், காற்று விமானத்தைப் புரட்டிவிடாதபடி பெட்டிகளைச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, அதன் வாலின் மீது அமர்ந்து, கையில் துப்பாக்கியுடன் புயல் ஓயும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார். பாக்தாதில் இறங்கும்போது சக்கரத் தாங்கி உடைந்தது. அங்கிருந்த விமானப்படைப் பொறிஞர்கள் இரவோடிரவாகச் சரிசெய்தனர்.

மே 10ஆம் நாள் அவர் கராச்சியை அடைந்தார். லண்டனிலிருந்து கராச்சிக்கு ஆறு நாள்கள். ஹிங்க்லருக்கு எட்டு நாள்கள் ஆகியிருந்தன. கிராய்டனில் அவரைக் கவனியாத செய்தித்தாள்கள் இப்போது விழித்துக்கொண்டன. ஏமி இரண்டு நாள் முன்னணியில் இருந்தார்.

சட்டைத்துணி கொண்டு தைத்த சிறகு

கராச்சியிலிருந்து அலகாபாத் செல்வது திட்டம். எதிர்க்காற்று எரிபொருளை விழுங்கிவிட்டது. நேரம் என்பது தொலைவையும் வேகத்தையும் மட்டும் பொறுத்ததன்று. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதையும் பொறுத்தது. மணிக்கு 135 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அது தரையைக் கடப்பது மணிக்கு 95 கி.மீ. மட்டுமே. வேறு வழியின்றி ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். திடல் சிறியது. விமானம் வீரர்களைச் சிதறி ஓடச்செய்து, இறுதியில் கட்டடத்தின் மீது மோதி நின்றது. சிறகு உடைந்தது. உள்ளூர்த் தச்சரும் தையற்காரரும் சேர்ந்து அதனைச் செப்பனிட்டனர். மறுநாளே அவர் அலகாபாத் வழியாகக் கல்கத்தா சென்று சேர்ந்தார். முன்னணி இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

அதனைப் பறித்தது பருவமழை. மே 13ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து இரங்கூன் நோக்கிப் புறப்பட்டவரை, பர்மாவின் மலைகளின் மேல் கொட்டும் மழை சூழ்ந்தது. கூரையில்லாத இருக்கை, நனைந்த வரைபடம், கண்ணாடி மீது வழியும் நீர். இரங்கூனில் அவர் இறங்கவேண்டிய இடம் குதிரைப் பந்தயத் திடல். அது தெரியவில்லை. நகருக்கு வடக்கே சில கி.மீ. தொலைவிலிருந்த இன்செயின் என்னும் ஊரின் விளையாட்டுத் திடலைப் பந்தயத் திடல் என்று எண்ணி இறங்கினார். விமானம் ஓடி ஓடி முடிவில் பள்ளத்துக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. மரச்சுழலி முறிந்தது, சக்கரத் தாங்கி நொறுங்கியது, சிறகு கிழிந்தது. அங்கு நின்று அவர் அழுதார் என்று கூறுவர்.

அத்திடல் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்துக்கு உரியதாக அமைந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்தனர். மழையினூடே வேலை தொடங்கியது. உடைந்த சட்டங்களை மரத்தில் செதுக்கினர். இரும்பு உறுப்புகளைப் பட்டறையில் அடித்து வளைத்தனர். சிறகுக்குப் போர்த்தத் துணி வேண்டுமே! முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய விமானத் துணி அவ்வூரில் மலிவாக விற்கப்பட்டு, சட்டைகளாகத் தைக்கப்பட்டிருந்தது. அச்சட்டைகளைத் தேடிப்பிடித்துப் பிரித்து மீண்டும் சிறகாகத் தைத்தனர். அத்துணியை விறைப்பாக்கும் மெருகுக் கலவையை அங்கேயே காய்ச்சினர். கிராய்டனிலிருந்து சுமந்து வந்த மாற்றுச் சுழலி அப்போதுதான் பயன்பட்டது. ஏமியும் கையில் கருவியுடன் அவர்களோடு வேலை செய்தார். பறக்க மட்டும் தெரிந்த விமானி ஒருவர் அத்திடலில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மே 16ஆம் நாள் விமானம் மீண்டும் எழுந்து பாங்காக் சென்றது. இடைப்பட்ட நாள்களில் ஹிங்க்லரின் கணக்கு முந்திவிட்டது. இனி எவ்வளவு விரைந்தாலும் பதினைந்தரை நாளுக்குள் டார்வினை அடைய இயலாது. இது ஏமிக்கு நன்கு தெரியும். திரும்பிவிட அவருக்குக் காரணங்கள் பல இருந்தன. அவர் திரும்பவில்லை.

சிங்கப்பூர் மே 18. அதற்குப் பின் சாவகத் தீவு. அங்குக் கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது நிலத்தில் ஊன்றியிருந்த மூங்கில் முளைகள் சிறகைத் துளைத்தன. காயத்துக்கு ஒட்டும் மருந்துப் பட்டையால் அத்துளைகளை மூடினார். சுரபாயாவில் இயந்திரக் கோளாறால் ஒரு நாள் கழிந்தது. 22ஆம் நாள் திமோர் தீவில் அட்டம்புவா என்னும் விமானத் திடலைத் தவறவிட்டு, அதற்குச் சற்றுத் தொலைவிலிருந்த சிற்றூரில் இருட்டும் நேரத்தில் இறங்கினார். செய்தி அனுப்ப வழியில்லை. அவர் காணாமற்போனதாக உலகெங்கும் செய்தி பரவியது. மறுநாள் அவர் உயிருடன் இருப்பது தெரியவந்தது.

கடைசிக் கட்டம் திமோர்க் கடல். 800 கி.மீ. நீர்ப்பரப்பு, ஒற்றை இயந்திரம், அது நின்றுவிட்டால் இறங்க இடமில்லை. நடுவழியில் எண்ணெய்க் கப்பல் ஒன்று அவருக்காகக் காத்து நின்றது. அதன் மேலே தாழப் பறந்து, திசை சரியென்று உறுதிசெய்துகொண்டார். மே 24ஆம் நாள் பிற்பகல் ஜேசன் டார்வினில் இறங்கியது. லண்டனிலிருந்து பத்தொன்பதரை நாள்கள்.

புகழின் நாள்கள்

குறிக்கோளில் அவர் தோற்றார். உலகமோ அதனை வெற்றியாகவே கொண்டாடியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதற்பெண் என்னும் பெருமை நிலைத்தது. பிரித்தானிய அரசின் விருது, செய்தித்தாள் ஒன்று அளித்த பத்தாயிரம் பவுண்டு, நகரந்தோறும் வரவேற்பு என அனைத்தும் வந்தன. அந்நாளைய செய்தித்தாள்கள் பலவும் அவருடைய உடையையும் தோற்றத்தையும் பற்றி எழுதிய அளவுக்கு, இன்செயின் பட்டறையைப் பற்றி எழுதவில்லை. இது வருந்தத்தக்கது. இடைவிடாத வரவேற்புகளால் அவர் உடலும் மனமும் சோர்ந்தன.

ஆயினும் நகரங்களுக்கு இடையிலான நேரத்தைக் குறைக்கும் முயற்சியை அவர் கைவிடவில்லை. 1931இல் தம் ஆசிரியர் ஜாக் ஹம்ஃப்ரீஸுடன் மாஸ்கோ வழியாக டோக்கியோவுக்குப் பறந்தார். 1932இல் விமானி ஜிம் மாலிசனை மணந்தார். இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு 4 நாள் 17 மணி 30 நிமிடத்தில் பறந்து சாதனை படைத்திருந்தவர் மாலிசன். மணமான சில மாதங்களில், அதே வழியில் தனியாகப் பறந்த ஏமி 4 நாள் 6 மணி 54 நிமிடத்தில் அங்குச் சென்று சேர்ந்தார். கணவரின் சாதனையை மனைவி பத்தரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைத்தார். 1936இல் அதே வழியை 3 நாள் 6 மணி 26 நிமிடத்தில் கடந்தார்.

தோல்விகளும் இருந்தன. 1933இல் இருவரும் அட்லாண்டிக்கைக் கடந்து, நியூயார்க்குக்கு இன்னும் நூறு கி.மீ.கூட இல்லாத நிலையில் எரிபொருள் தீர்ந்து, விமானம் நொறுங்கிக் காயமுற்றனர். 1934இல் லண்டன் - மெல்போர்ன் விமானப் போட்டியில் கராச்சியை முதலில் அடைந்த இணையர், அலகாபாத்தில் இயந்திரம் பழுதடைந்து விலகினர். அப்போட்டியில் வென்ற ஸ்காட், கேம்பெல் பிளாக் ஆகியோர் மெல்போர்னை மூன்று நாளுக்கும் குறைவான நேரத்தில் அடைந்தனர். ஏமியின் பத்தொன்பதரை நாளுக்கும் இதற்கும் இடையே கழிந்தவை நான்கே ஆண்டுகள். மாலிசனுடனான மணவாழ்வு 1938இல் முறிந்தது.

ஒரு மணி நேரப் பயணம்

இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளிலிருந்தும் திடல்களிலிருந்தும் விமானங்களை உரிய இடங்களில் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் 1940இல் ஏமி சேர்ந்தார். சாதனை இல்லை, கூட்டம் இல்லை. அவ்விமானிகளுக்கு வானொலித் தொடர்பும் கிடையாது. தரையைப் பார்த்தே வழியறிய வேண்டும்.

1941ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், பயிற்சி விமானம் ஒன்றைப் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள கிட்லிங்டன் திடலுக்கு எடுத்துச் செல்லும் பணி அவருக்கு. தொலைவு ஏறத்தாழ 240 கி.மீ.; ஒரு காலத்தில் அவர் பறந்திருந்த மிக நீண்ட தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் கூடலாம். வானிலை மோசமாக இருந்தது, கடுங்குளிர், தாழ்ந்த மேகம். நண்பகலுக்குச் சற்று முன் புறப்பட்டார். பிற்பகல் மூன்றரை மணியளவில், அவர் சேரவேண்டிய இடத்திலிருந்து கிழக்கே நூற்றைம்பது கி.மீ.க்கும் அப்பால், தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அவருடைய விமானம் விழுந்தது. மேகத்துக்கு மேலே வழி தவறி, எரிபொருள் தீரும்வரை இறங்க இடைவெளி தேடியிருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. விழுந்ததற்கு வேறு காரணங்களைக் கூறுவோரும் உளர்.

வான்குடையில் இறங்கி நீரில் தத்தளித்தவரை அருகே சென்ற கப்பல் ஒன்றிலிருந்தோர் கண்டனர். அவரைக் காக்க முயன்றும் இயலவில்லை. கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் உறைபனிக் குளிர் நீரில் குதித்தார். அவரும் பின்னர் உயிரிழந்தார். ஏமியின் பைகள் கிடைத்தன. உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

கரும்பச்சை வண்ண ஜேசன் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டுள்ளது. நிமிர்ந்து பார்ப்போருக்கு அதன் சிறகுகள் தெரியும்.